வள்ளத்துக்கு மூக்கணாங்கயிறு

ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து இராமநாதபுரம் போகும் பேருந்து காலை 5.10-க்கு என்று நிலையத்தில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை அது வந்து நின்றது 5.32-க்கு. அந்த இருபத்திரண்டு நிமிடத்தில் என் பையை நான்கு முறை திறந்து பார்த்துவிட்டேன். மாத்திரை ஒன்பது, வேட்டி மூன்று, முட்டிக்குத் தேய்க்கும் தைலம் ஒன்று. எல்லாம் இருந்தன. இருந்தும் எதையோ விட்டுவிட்டு வந்ததுபோலவே இருந்தது. எனக்கு எழுபத்தொரு வயது. பொதுப்பணித் துறையில் கண்மாயின் நீர்மட்டம் பார்த்துக் குறிக்கும் வேலையில் முப்பத்தொரு வருடம் இருந்தவன். நாற்பத்தெட்டு மடைகளையும் கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகச் சொல்வேன். ஆனால் கடலில் கணுக்காலுக்கு மேல் இறங்கியது கிடையாது. அப்படிப்பட்டவன் பாம்பனில் மூன்று நாள் மீனவனாக நடிக்கப் புறப்பட்டிருந்தேன்.

காரணம் பக்கத்து இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தாள். என் மகள் வயிற்றுப் பேத்தி நந்தினி. மதுரையில் ஒரு கல்லூரியில் சினிமா படிக்கிறாள். மூன்று வருடப் படிப்புக்கு மூன்று குறும்படம் எடுக்க வேண்டும். முதல் படத்தில் ஒலிப்பதிவுப் பொத்தானை அழுத்த மறந்து, நாற்பத்தொரு நிமிடம் எடுத்ததெல்லாம் ஊமையாகப் போனது. இரண்டாவது படத்தில் கதாநாயகன் இரண்டாம் நாள் தொலைபேசியை அணைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். மூன்றாவது இது. இதுவும் கெட்டால் பட்டம் கிடையாது. இன்னொரு வருடம் படிக்க வைக்க முடியாது, வங்கித் தேர்வுப் பயிற்சியில் சேர்த்துவிடுவேன் என்று என் மகள் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள் அவள்.

நந்தினியிடம் ஒரு நோட்டு உண்டு. படப்பிடிப்பில் செய்த தவறுகளை வரிசை எண் போட்டு அதில் எழுதி வைக்கிறாள். அவள் தூங்கும்போது எடுத்துப் பார்த்தேன். அறுபத்துமூன்று இருந்தன. 'மின்கலத்தை முதல் நாளே சார்ஜ் போடு' என்பது நான்காவது. 'சாப்பாடு தாமதமானால் யாரும் பேச்சுக் கேட்க மாட்டார்கள்' பதினேழு. முப்பதாவதைப் படித்தபோதுதான் என்னை ஏன் தேர்ந்தெடுத்தாள் என்பது விளங்கியது. 'நடிக்க வருகிறவர் ஓடிப்போக முடியாதவராக இருக்க வேண்டும்.'

6.40-க்கு இராமநாதபுரம். நிலையத்தில் மற்ற இரண்டு பேரும் காத்திருந்தார்கள். கீழக்கரைப் பையன் அசார், ஒளிப்பதிவு. பரமக்குடிப் பெண் பவித்ரா, ஒலிப்பதிவு. காதில் பெரிய கேட்கருவியை மாட்டினால் நாம் கூப்பிடுவது அவளுக்குக் கேட்காது. பதினொரு பை. அதில் கேமரா இருந்த பை மட்டும் கல்லூரிக்குச் சொந்தம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் அதை மதுரையில் ஒப்படைத்துவிட வேண்டும். அடுத்த குழு வாசலில் நிற்கும். பதினொரு பையையும் இராமேஸ்வரம் பேருந்தில் ஏற்றியபோது நடத்துநர் இதெல்லாம் யாருக்கு என்று கேட்டார். படம் எடுக்கப் போகிறோம் என்றான் அசார். நடத்துநர் என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வில்லனா?" என்றார். டிக்கெட் கிழிக்கும்போதும் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

பாம்பன் சாலைப் பாலம் இரண்டே கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. 8.20-க்கு அதில் ஏறினோம். பாதிப் பாலத்தில் எல்லோரும் சன்னலுக்கு எழுந்தார்கள். நான் எழவில்லை, பைகளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்படியும் ஒன்று தெரிந்தது. வலது பக்கக் கடல் நுரையடித்துப் புரண்டுகொண்டிருந்தது. இடது பக்கக் கடலில் ஓர் அலைகூட இல்லை, எங்கள் கண்மாய்போல் கிடந்தது. ஒரே பாலத்துக்கு இரண்டு பக்கம். அது என்ன காரணம் என்று அப்போது நான் கேட்டிருக்க வேண்டும்.

காலை 9.05. நந்தினி தை மாதமே இங்கு வந்து இடம் பார்த்து, படம் பிடித்து, தென்கடல் கரையில் ஒரு வீட்டில் அறையும் பேசி வைத்திருந்தாள். அவள் தொலைபேசியில் அந்தப் படம் இருந்தது. மணல் முழுக்க வள்ளங்கள். இங்கே நாட்டுப்படகை வள்ளம் என்கிறார்கள். படத்தில் முப்பத்தேழு எண்ணினேன். இப்போது கரையில் இருந்தவை இரண்டு. ஒன்று கவிழ்த்துப் போட்டிருந்தது, மற்றதற்கு அடிப்பலகை இல்லை. அலை வந்து மணலில் அறைந்தது. ஆள் நடமாட்டமே இல்லை. நந்தினி படத்தைப் பார்த்தாள், கரையைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள்.

அறை கொடுத்த ரீத்தம்மா வெளியே வந்தாள். முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். அவள் கணவர் மிக்கேலுக்குச் சொந்தமாக ஒரு வள்ளம் உண்டு, அதில்தான் நாங்கள் படம் எடுப்பதாகப் பேச்சு. படகெல்லாம் எங்கே என்று நந்தினி கேட்டதற்கு, கேட்கக்கூடாத ஒன்றைக் கேட்டுவிட்டதுபோல் அவள் பார்த்தாள்.

"ஆடி மாசம் கச்சான் அடிக்கிது. தெக்க எவன் படகப் போடுவான்? எல்லாம் வடக்க போயிருச்சு. ஐப்பசி கழிஞ்சு வாடை அடிச்சா இங்கன வரும். நீ வாடையில வந்து பாத்துட்டுக் கச்சான்ல வந்து நிக்கிற, தாயி."

தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்றைக் கச்சான் என்கிறார்கள். அது அடிக்கும் மாதங்களில் தென்கடல் குமுறும், வடகடல் படுத்திருக்கும். வாடைக் காற்றில் அது தலைகீழ். காற்று மாறும்போது ஊரே படகைத் திருப்பிக்கொண்டு அடுத்த கடலுக்குப் போய்விடுகிறது. இது இங்கே மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி, அதனால் தை மாதத்தில் யாரும் நந்தினியிடம் சொல்லவில்லை. எங்கள் பக்கம் ஆட்டுக்கிடை ஒரே வயலில் ஆறு மாதம் கிடக்காது என்பது எனக்குத் தெரியும். படகு மட்டும் போட்ட இடத்திலேயே கிடக்கும் என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

நந்தினி அழுவாள் என்று பயந்தேன். அவள் மணலில் உட்கார்ந்து நோட்டை எடுத்து, அறுபத்துநான்கு என்று போட்டு, 'இடம் பார்த்த பருவத்தில் படம் எடு. இல்லையென்றால் பருவத்தைக் கேள்' என்று எழுதினாள். எழுதி முடித்ததும் பைகளைத் தூக்கச் சொன்னாள். வடகரைக்கு நடந்தோம். என் நடையில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது எட்டு. முட்டி வலித்தது. இரண்டு இடத்தில் நின்று அதைச் சொன்னேன். யாரும் நிற்கவில்லை.

வடகரையில் வள்ளங்கள் தொண்ணூறுக்கு மேல் இருந்தன. ஆடிக்கொண்டே இருந்ததால் சரியான கணக்கு கிடைக்கவில்லை. அசார் திசைகாட்டியை வைத்துப் பார்த்து முகம் சுளித்தான். தெற்கே பார்த்து எழுதிய படம் இனி வடக்கே பார்க்க வேண்டும். காலைச் சூரியன் இடது கைக்குப் பதில் வலது கைக்கு வரும். போட்டு வைத்திருந்த இருபத்திரண்டு காட்சிப் படங்களையும் ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்து திருப்பி வரைந்தார்கள். ஒன்றரை மணி நேரமும் பன்னிரண்டு தேநீரும் ஆயின. எனக்குச் சர்க்கரை இல்லாமல் கேட்டேன், சர்க்கரையோடு வந்தது.

படத்தின் கதை இவ்வளவுதான். ஒரு கிழ மீனவன் மகன் போன படகுக்காகக் கரையில் காத்திருக்கிறான். வலை தைக்கிறான், கடலைப் பார்க்கிறான். கடைசியில் விடியற்காலையில் படகு வருகிறது. கிழவன் தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடிக்கிறான். பேச்சு கிடையாது. இருபத்தோரு காட்சி காத்திருப்பு; இருபத்திரண்டாவது காட்சிக்காகத்தான் மற்ற இருபத்தொன்றும். அந்தக் காட்சிக்கு நிஜப் படகு நிஜமாகக் கரைக்கு வர வேண்டும். மிக்கேலின் வள்ளம் மத்தியானம் போய் மறுநாள் விடிந்ததும் வரும். ஞாயிற்றுக்கிழமை பூசை, யாரும் தொழிலுக்குப் போவதில்லை. சனிக்கிழமை மாலை கேமராவும் போய்விடும். ஆக எங்களுக்கு வெள்ளி ஒரு விடியல், சனி ஒரு விடியல். இரண்டுதான்.

அன்று மாலை நான்கிலிருந்து ஆறரை வரை காத்திருப்புக் காட்சிகள் பன்னிரண்டை எடுத்தார்கள். வலை தைக்கும் காட்சியில் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நெல் மூட்டைக்குக் கோணூசி போடுவதுபோல் போடுகிறேனாம். எனக்குத் தெரிந்தது அந்த ஊசிதான்.

வெள்ளி, காலை 5.25. கிழக்கில் வெளுப்பு. எனக்குச் சட்டை இல்லை, இடுப்பில் கைலி. குளிர்கிறது என்றேன். ஆடி மாதத்தில் யாருக்காவது குளிருமா தாத்தா என்றாள் பவித்ரா. எழுபத்தொன்று ஆகட்டும், அப்போது சொல் என்றேன்.

6.05-க்கு மிக்கேலின் வள்ளம் தெரிந்தது. பச்சை உடம்பு, சிவப்புக் கோடு. நந்தினி கையை உயர்த்தினாள். நான் தண்ணீரில் இறங்கினேன். முதலில் கணுக்கால், பிறகு முழங்கால், பிறகு தொடை. காலடி மணல் நகர்ந்தது. வள்ளத்தின் முன்பக்கத்திலிருந்து மிக்கேலின் தம்பி கயிற்றை வீசினான். நான் பிடித்தேன். பிடித்தபின் என்ன செய்தேன் என்பது எனக்குத் தெரியாது. கரையில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு மீன் எடுக்க வந்த கூடைக்காரிகள், ஐஸ் பெட்டியோடு நின்ற வியாபாரி, வள்ளத்தில் இருந்த நான்கு பேர் என்று எல்லோரும் சிரித்தார்கள். மிக்கேல் பலகையில் உட்கார்ந்தேவிட்டார்.

"பெரியவரே, அது முட்டாது. மூக்கணாங்கயிறு பிடிச்ச கணக்காவுல பிடிக்கிறீக."

குனிந்து பார்த்தேன். கயிற்றை வள்ளத்தின் மூக்குக்கு ஒரு முழத்தில், முறுக்கி, இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். குதிகாலை மணலில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்திருந்தேன். மிரண்ட காளையை அப்படித்தான் பிடிப்போம்.

நந்தினி கெஞ்சிக் கேட்டதால் மிக்கேல் முகம் கோணாமல் வள்ளத்தை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு முறை வந்தார். கயிற்றை நீளமாக, தளர்வாக, தோளுக்கு மேல் விட்டுப் பிடிக்க வேண்டுமென்று ரீத்தம்மா எனக்குக் காட்டிக் கொடுத்தாள். அப்படியே செய்தேன். முதல் தடவையாவது சிரித்தார்கள். இரண்டாம் தடவை யாரும் சிரிக்கவில்லை. அசார் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுத் தரையைப் பார்த்தான். அடுத்தது கேட்பதற்குள் வியாபாரி ஐஸ் உருகுது என்று சத்தம் போட்டார். சூடை மீன் வெயில் தாங்காது. 6.50-க்கு மீன் கூடைகளில் போய்விட்டது, ஒரு விடியலும் போய்விட்டது.

காலை 8.30, ரீத்தம்மா வீட்டு முற்றம். இட்லியை யாரும் தொடவில்லை. நான் நாலு சாப்பிட்டேன், மாத்திரை போட வேண்டும். பிறகு என் மனதில் இருந்ததைச் சொன்னேன். என்னை மாற்றிவிடு, மிக்கேலின் அண்ணன் இருக்கிறார், கயிறு பிடிக்கத் தெரிந்தவர், நான் மத்தியானப் பேருந்தில் ஊருக்குப் போகிறேன். நேற்று எடுத்த பன்னிரண்டு காட்சியிலும் என் முகம் இருக்கிறது, பன்னிரண்டையும் இன்று ஒரே நாளில் திரும்ப எடுக்க முடியுமா என்று அசார் விரல் விட்டு எண்ணினான். முடியும், ஆனால் அவசரத்தில் எடுத்தது அவசரமாகத்தான் தெரியும் என்றான். நந்தினி கதைத்தாளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தாய்க்கு எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. வங்கித் தேர்வு மோசமான வழி இல்லை என்று ஆறுதலாகச் சொல்லப் போனேன், நல்லவேளை சொல்லவில்லை.

பவித்ரா மட்டும் இதில் கலந்துகொள்ளாமல் கேட்கருவியை மாட்டிக்கொண்டு காலையில் பதிவானதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று அதைக் கழற்றி நந்தினியின் காதில் வைத்தாள். நந்தினி கேட்டாள். திருப்பிப் போடச் சொன்னாள். மூன்று முறை கேட்டாள். பிறகு என்னிடம் கொடுத்தார்கள். தண்ணீர்ச் சத்தம், இயந்திரம் அணையும் சத்தம். அதற்கப்புறம், சிரிப்பு தொடங்குவதற்கு முன்னால், ஒரு கிழவனின் குரல் மெல்ல.

"ஓ... ஓ... நில்லுடா. நில்லு. ஒண்ணுமில்ல, நில்லு."

படகிடம் பேசியிருக்கிறேன். எனக்கு நினைவே இல்லை.

"தாத்தா," என்றாள் நந்தினி, "நீங்க மீன்காரர் இல்ல."

"அதத்தான் நானும் காலையில இருந்து சொல்றேன்."

"படத்துலயும் இல்ல."

கதைத்தாளைத் திருப்பிப் போட்டு அதன் முதுகில் எழுதினாள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆகவில்லை. கிழவன் உள்நாட்டுக்காரன், வயற்காட்டு ஆள். மகள் கடற்கரையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். அவளைப் பார்க்க முதல் முறையாக வந்திருக்கிறான். மருமகன் கடலுக்குப் போயிருக்கிறான். அவனுக்குக் கடல் தெரியாது, வலை தெரியாது, கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் தெரியாது. விடியலில் மருமகனின் வள்ளம் வரும்போது தன்னால் ஆனதைச் செய்ய இறங்குகிறான். அவன் பிடிக்கத் தெரிந்த கயிறு ஒன்றுதான்.

நேற்றைய பன்னிரண்டு காட்சிகளை அங்கேயே போட்டுப் பார்த்தோம். கடலை நான் பார்த்த பார்வை, புதிய ஊரில் பேருந்து நிறுத்தம் எங்கே என்று தேடுகிறவன் பார்வை. மீனவனுக்கு அது ஆகாது. இந்தக் கிழவனுக்கு அப்படியே பொருந்தியது. கோணூசி போட்ட கையும் பொருந்தியது. பன்னிரண்டில் ஒன்றைக்கூட வெட்ட வேண்டாம் என்றான் அசார். இட்லி அப்போது காலியாயிற்று.

மகளுக்கு ஆள் வேண்டும். நந்தினி ரீத்தம்மாவைக் கேட்டாள். கரையில் நின்று பார்த்தால் போதும், பேச வேண்டாம் என்றாள்.

"நிக்கிறேன். அழுவச் சொன்னா அழ மாட்டேன். போன மாசம் எம் மாமியா செத்ததுக்கே எனக்கு அழுக வரல."

மிக்கேல் காதில் விழாததுபோல் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் இரண்டரைக்கு அவர் வள்ளம் புறப்பட்டது. மீதிக் காத்திருப்புக் காட்சிகளை மாலைக்குள் முடித்தோம். ஒன்பது.

சனி, காலை 5.20. கரைக்கு வந்தபோது ஏற்கெனவே கூட்டம். நேற்றுச் செய்தி ஊருக்குள் பரவியிருந்தது. கடலில் மாடு பிடிக்கிற கிழவனைப் பார்க்க வந்தவர்கள் நாற்பத்தாறு பேர். அசார் தலையில் கை வைத்தான். எல்லாக் கண்ணும் கேமராவைத்தான் பார்க்கும். ரீத்தம்மா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றாள். சத்தம் போடவில்லை. வேடிக்கை பார்க்கிறவர்கள் கோயில் பக்கமாகப் போய் நிற்கலாம், இங்கே நிற்கிறவர்கள் அவரவர் வேலையைப் பார்க்க வேண்டும், கேமராவைப் பார்க்கிறவருக்கு இன்று என் வள்ளத்து மீன் கிடையாது என்று சொன்னாளாம். இருபது பேர் போனார்கள். மீதிப்பேர் திரும்பி நின்று வலையை உதறத் தொடங்கினார்கள். பெரிய படப்பிடிப்புகளில் இதற்குச் சம்பளம் வாங்கும் ஆட்கள் உண்டாம்.

6.05-க்கு வள்ளம் வரவில்லை. 6.20-க்கும் வரவில்லை. மற்ற வள்ளங்கள் பதினான்கு வந்து சேர்ந்தன, ஏலம் தொடங்கியது. எதிர்க்காற்று, மெதுவாகத்தான் வரும் என்றார்கள். ஏழு மணிக்கு மேல் வெளிச்சம் தட்டையாகிவிடும் என்று அசார் சொன்னான். மதுரைக்கு ஊருக்கு ஊர் நின்று போகும் பதினொரு மணிப் பேருந்தைப் பிடித்தால்தான் கேமரா ஆறு மணிக்குள் போகும். நந்தினி நகத்தைக் கடித்தாள். கடிக்காதே என்றேன். நீங்களும்தான் கடிக்கிறீர்கள் என்றாள். உண்மைதான்.

6.41. பச்சை உடம்பு, சிவப்புக் கோடு. நந்தினி கையை உயர்த்தினாள்.

நேற்று தொடை வரை போனேன், இன்று இடுப்பு வரை போகச் சொல்லியிருந்தாள். போனேன். கயிறு வந்து தோளில் விழுந்தது. மிக்கேல் இயந்திரத்தை அணைத்தார். கச்சான் கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று. அணைத்ததும் வள்ளம் பின்வாங்கத் தொடங்கியது. கயிறு இறுகியது. நான் பின்னால் சாய்ந்தேன். வள்ளம் இழுத்தது. நடிப்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. என் கையிலிருந்து ஒரு பெரிய உடம்பு நழுவிப் போகிறது, விடக்கூடாது, அவ்வளவுதான் தெரிந்தது. ஒரு கால் வழுக்கியது. மார்பு வரை தண்ணீர். மூக்குக்கண்ணாடி முழுக்க உப்பு. கயிற்றை விடவில்லை. நில்லு நில்லு என்று நான் சொன்னதைப் பிறகு பதிவில்தான் கேட்டேன்.

கரையில் நிற்க வேண்டிய ரீத்தம்மா கூடையை எறிந்துவிட்டுத் தண்ணீரில் ஓடி வந்தாள். சேலையோடு வந்து என் முழங்கையைப் பிடித்தாள். மூன்று நாளாக என்னைப் பெரியவரே என்றுதான் கூப்பிட்டவள்.

"விடுங்கய்யா. நங்கூரம் போட்டாச்சு. அது எங்கயும் போவாது."

எங்கள் பக்கத்தில் பெற்ற தகப்பனை அய்யா என்போம், அவள் வீட்டிலும் அப்படித்தானாம். நான் கயிற்றை விட்டேன். வள்ளம் கொஞ்சம் பின்னால் போய், தானே நின்றது. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள் பேசக்கூடாது என்பதும், தண்ணீரில் இறங்கக்கூடாது என்பதும் அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். கரையைத் திரும்பிப் பார்க்காமல், என் முழங்கையை விடாமல், அப்படியே நின்றாள். நந்தினி நிறுத்தச் சொல்லவில்லை. அசார் நிறுத்தவில்லை. கருவியில் இரண்டு நிமிடம் பதினான்கு நொடி ஓடியிருந்தது.

அதற்குப் பிறகுதான் நந்தினி நிறுத்தச் சொன்னாள். படத்தைக் கெடுத்துட்டேனா தாயி என்று ரீத்தம்மா கேட்டாள். நந்தினி தண்ணீருக்குள் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். பவித்ரா அந்தப் பெரிய கேட்கருவியோடு மணலில் குதித்துக்கொண்டிருந்தாள். கோயில் பக்கம் நின்ற இருபது பேரும் கைதட்டினார்கள். ஐஸ் வியாபாரிகூடத் தட்டினார். மிக்கேல் வள்ளத்திலிருந்து என்னைப் பார்த்து, அடுத்த வாரமும் வாங்க பெரியவரே, சம்பளத்துக்கு ஆள் தேவைப்படுது என்றார்.

காலை 11.00. பேருந்து சரியாகப் பதினொன்றுக்கு வந்தது. பயணம் முழுவதும் நேரத்துக்கு வந்த ஒரே வண்டி. ரீத்தம்மா ஒரு பை நிறையக் காரல் கருவாடு கொடுத்தாள். மறுத்தேன், மடியில் வைத்துவிட்டுப் போனாள். மதுரை வரை நூற்று அறுபது கிலோமீட்டரும் அது மணந்தது. பக்கத்து இருக்கைக்காரர் பரமக்குடியில் வேறு இருக்கைக்குப் போனார். மாலை 5.10-க்குக் கல்லூரியில் கேமராவை ஒப்படைத்தாள் நந்தினி. ஐம்பது நிமிடம் மீதி. உள்ளே மணல் இருக்கிறதா என்று வாங்கியவர் துடைத்துப் பார்த்தார். இல்லை.

இதை எழுதும்போது முடிவு வந்துவிட்டது. வகுப்பில் முதலிடம் அவளுக்கு. படத்தைப் பார்த்த தேர்வாளர், கயிற்றைப் பிடிக்கும் காட்சி எத்தனை முறை எடுத்தது என்று கேட்டாராம். மூன்று என்றாளாம். முதல் இரண்டும் என்ன ஆனது என்றாராம்.

"தோத்துச்சு சார். அந்த ரெண்டும் இல்லேன்னா இந்தப் படமே இல்ல."

என் மகள் அந்தப் படத்தை நான்கு முறை பார்த்துவிட்டாள். வங்கித் தேர்வைப் பற்றி வீட்டில் பேச்சில்லை. எனக்கு முட்டி வலி பத்து நாள் இருந்தது. தைலம் முழுக்கத் தீர்ந்தது.

எங்கள் ஊரையும் அந்தக் கரையையும் நினைத்துப் பார்க்கிறேன். நாங்களும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் தெரியாத வேலையில் ஒருவன் கை வைத்தால் வரப்பில் நின்று சிரிப்போம். அவன் மறுநாள் அந்த வயல் பக்கம் வர மாட்டான். நானே அப்படிச் சிலரை விரட்டியிருக்கிறேன், எண்ணிக்கைகூடத் தெரியும். பாம்பனில் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எங்கள் ஊர்ச் சிரிப்பைவிடப் பெரியது. சிரித்து முடித்துவிட்டு, மறுநாள் விடியலில் அதே இடத்தில் இறங்க வழிவிட்டு விலகி நின்றார்கள்.